கண்மாய்த் தண்ணீருக்கு முறை போடுவது எப்படி: மடை திறக்கும் முன்பிருந்து கடைசி நனைப்பு வரை

ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்துக் கண்மாய்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். புரட்டாசியில் புழுதியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிரை ஏற்றி, மார்கழிக்குப் பிறகு கண்மாய்த் தண்ணீரை நம்பிக் கரை சேர்கிற ஊர்கள் இவை. கடைசி இரண்டு மூன்று நனைப்பில்தான் சண்டை வரும். பயிர் பொதியில் (கதிர் வெளிவருவதற்கு முன் தண்டுக்குள் இருக்கும் பருவத்தில்) இருக்கும்போது ஒரு நனைப்பு தவறினால், களத்துக்கு வருவது வைக்கோல்தான்.

எங்கள் கண்மாயில் ஒன்பது வருடமாக முறை நோட்டு, அதாவது யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்ற பட்டியல், எழுதுகிறேன். பக்கத்து ஊர்களுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். புதிதாக முறை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: தண்ணீர் குறைந்த பிறகு கூட்டம் போடுகிறார்கள். அப்போது ஒவ்வொருவர் கண்ணிலும் அவரவர் பயிர்தான் நிற்கும். கண்மாய் வெறுமையாகக் கிடக்கும் ஆவணியில் பேசினால், யாருக்குப் பின்னால் யார் என்பதை நிதானமாக ஒத்துக்கொள்வார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதல் நான்கு படிகளும் மழைக்கு முன்பே முடிய வேண்டியவை; இரண்டாவது படியில் தண்ணீரை வைத்து எடுக்கும் அளவுகள் மட்டும் கண்மாயில் தண்ணீர் வந்த பிறகு.

கையில் வேண்டியவை: கட்டம் போட்ட பெரிய நோட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய 'அ' பதிவேட்டின் (ஊர் நிலக் கணக்கின்) நகல், புலப்படம், அளவுநாடா, அடி அளவு குறித்த உறுதியான கம்பு ஒன்று, சிவப்பு பெயிண்ட், நொடி காட்டும் கடிகாரம். செல்போனில் உள்ள கடிகாரமே போதும்.

1. பங்குதாரர் பட்டியல்: பட்டாவில் இருப்பவரும் வயலில் நிற்பவரும்

'அ' பதிவேட்டில் இருந்து ஒவ்வொரு மடைக்கும் கீழே உள்ள சர்வே எண், பரப்பு, பட்டாதாரர் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றுங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட். எல்லாவற்றையும் சென்ட்டாக மாற்றி எழுதுங்கள், ஏனென்றால் கூட்டத்தில் எல்லோரும் பேசப்போவது சென்ட்டில்தான்.

அப்புறம் நோட்டோடு ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில், இறங்கி நடங்கள். பட்டா தாத்தா பெயரில் இருக்கும், பேரன்கள் மூன்று பேர் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். பட்டாதாரர் திருப்பூரில் இருப்பார், நிலத்தை வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) வேறொருவர் பார்ப்பார். பட்டாதாரர் பெயர் ஒரு பத்தியில், இந்த வருடம் பயிர் வைக்கிறவர் பெயர் அடுத்த பத்தியில் இருக்கட்டும். தண்ணீர் நேரம் இரண்டாவது பெயருக்குத்தான். இதை விட்டுவிட்டால் வாரக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு வாமடையில் (வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் திரும்பும் வாயில்) நிற்கும்போது, "உன் பெயர் நோட்டில் இல்லையே" என்று ஒருவர் தடுப்பார்.

கணவர் வெளிநாட்டில் இருக்க, வயலைப் பார்ப்பது மனைவியாக இருந்தால் அவர் பெயரையே எழுதுங்கள். கூட்டத்துக்கும் அவரையே கூப்பிடுங்கள்.

2. காலிக் கண்மாயில் கம்பு நடுதல்

மடையின் அடித்தளத்தைச் சுழியமாக வைத்து, அங்கிருந்து மேலே அடி அடியாகக் கோடு போட்ட கம்பை மடைக்குப் பக்கத்தில் நடுங்கள். மடைக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கும் தண்ணீர் வயலுக்கு வராது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கண்மாய் நிறையும்போது ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் எதுவரை பரவுகிறது என்று நடந்து பார்த்து, எத்தனை ஏக்கர் பரப்பு என்று குறியுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 50 ஏக்கரில் தண்ணீர் விரிந்து நிற்கிறது என்றால், அந்த மட்டத்தில் ஒரு அடித் தண்ணீர் ஏறக்குறைய 21.8 லட்சம் கனஅடி.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எட்டு அடிக் கண்மாயில் நாலு அடி நின்றால் "பாதிக் கண்மாய் கிடக்கு" என்கிறார்கள். கண்மாய் கரைப்பக்கம் ஆழமாகவும், உள்ளே போகப்போக மேடாகவும் இருக்கிறது. ஆழம் பாதியாகும்போது தண்ணீர் கால் பங்குதான் இருக்கும், சில கண்மாய்களில் அதுவும் இருக்காது. மேல் அடிகளில் கொட்டிக் கிடப்பது போலத் தெரிகிற தண்ணீரைத் தாராளமாக விட்டுவிட்டு, தை மாதம் கரையில் நின்று கையைப் பிசைவது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

இன்னொன்று: மடைகள் எல்லாம் மூடியிருக்கும் மழையில்லாத ஒரு வாரத்தில் கம்பைத் தினமும் பாருங்கள். வெயிலுக்கும் கசிவுக்கும் போவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். நாளுக்குக் கால் அங்குலம் போனால், பதினாறு நாளில் நாலு அங்குலம் யாருக்கும் பயன்படாமல் போகிறது என்று பொருள்.

3. வாய்க்காலும் வாமடையும்

வாய்க்காலில் கோரையும் மண்ணும் அடைத்திருந்தால், எத்தனை நேர்மையான பட்டியலும் கடைமடைக்காரரைக் காப்பாற்றாது. ஆவணியிலேயே வெட்டுங்கள். நூறு நாள் வேலையில் சேர்க்க முடியும் என்றால் ஊராட்சியில் முன்கூட்டியே கேளுங்கள். முடியாவிட்டால் ஏக்கருக்கு ஒரு ஆள் என்று ஊரே இறங்கட்டும்.

வெட்டும் வேலையைக் கடைமடையில் தொடங்கி மேலே வாருங்கள். தலைமடையில் தொடங்கினால், மேலே உள்ளவர்கள் தங்கள் வயல் வரைக்கும் வெட்டியதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பல வருடம் பார்த்துச் சலித்த பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டது இது.

ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வாமடைதான் இருக்க வேண்டும். அதை அடைக்க மண் நிரப்பிய சாக்கு இரண்டு பக்கத்திலேயே கிடக்கட்டும். ராத்திரியில் மண் தேடி வரப்பை வெட்டுகிற பழக்கம் இதனால் நிற்கும்.

4. ஆவணிக் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியவை

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைந்த இடமென்றால், சங்கத் தலைவர் இல்லாமல் கூட்டம் போட வேண்டாம். பின்னால் மடை திறப்பதில் தகராறு வந்தால் அந்தக் கையெழுத்துதான் நிற்கும்.

முதலில் தீர்க்க வேண்டியது விதைப்பு. எல்லோரும் குறுகிய கால ரகம், பத்து நாளுக்குள் விதைப்பு என்று முடிவெடுங்கள். நாலு பேர் 135 நாள் ரகம் போட்டால், மற்றவர்கள் அறுத்த பிறகும் அந்த நாலு பேருக்காக வாய்க்கால் முழுவதையும் நனைக்க வேண்டி வரும். அதையும் மீறிப் போடுகிறவருக்குப் பொது முறை முடிந்த பிறகு தண்ணீர் கிடையாது என்று அப்போதே எழுதுங்கள்.

அடுத்தது, நேரம் ஏக்கர் கணக்கில்தான். வீட்டுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று போட்டால் நிலம் பிரியப்பிரியக் கணக்கு குழம்பும்.

மூன்றாவது, கண்மாய்க்குள் ஆயில் என்ஜின் வைத்து இறைப்பது. முறை ஓடும் நாட்களில் யாரும் வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டிய மேட்டு நிலம் இருந்தால், அந்த நேரத்தையும் பட்டியலுக்குள் கொண்டுவாருங்கள்.

நான்காவது, மீன் குத்தகை. மீன் பிடிக்க வசதியாகத் தண்ணீரைச் சீக்கிரம் வடிக்க வேண்டும் என்பது குத்தகைதாரர் கணக்கு. மடைச்சாவி அவர் கைக்கோ அவர் ஆள் கைக்கோ போகக் கூடாது. கடைசி நனைப்பு முடிந்ததாக நோட்டில் எழுதிய பிறகுதான் வலை இறங்க வேண்டும். ஏலம் விடும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ஏலம் முடிந்த பிறகு சொன்னால் அவர் ஏன் கேட்பார்?

5. எப்போது முதல் முறை?

யார் முதலில் குரல் கொடுக்கிறாரோ அவருக்காக மடை திறக்கக் கூடாது. ஒரு அடி நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். தலைமடையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைமடையில் ஒன்று. குழாய்க்குள் தண்ணீர் வயல் மட்டத்துக்கு அரை அடி கீழே போகும் வரை பயிர் தாங்கும். பூக்கும் சமயம் மட்டும் விதிவிலக்கு: அப்போது வயலில் மெல்லிய தண்ணீர் நின்றாக வேண்டும்.

மூன்றில் எந்தக் குழாய் முதலில் அந்த மட்டத்துக்கு இறங்குகிறதோ, அதை வைத்து நாள் குறியுங்கள். பெரும்பாலும் அது மணற்பாங்கான வயலாக இருக்கும்.

6. வாய்க்காலில் ஓடுவதை அளத்தல்

மடையைத் திறந்து ஓட்டம் நிலைப்படட்டும். வாய்க்கால் நேராக ஓடும் இடத்தில் 30 அடி அளந்து இரண்டு பக்கமும் குச்சி நடுங்கள். தண்ணீரின் அகலம், ஆழம் இரண்டையும் எடுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தை நடுவில் விட்டு, 30 அடியைக் கடக்க எத்தனை நொடி என்று மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

அகலம் 2 அடி, ஆழம் முக்கால் அடி, பழம் கடந்தது 36 நொடியில் என்று வையுங்கள். வேகம் நொடிக்கு 0.83 அடி. அடியில் ஓடும் தண்ணீர் மேலே ஓடுவதை விட மெதுவாகப் போவதால் 0.8 ஆல் பெருக்குங்கள். 2 × 0.75 × 0.83 × 0.8 என்றால் நொடிக்கு ஒரு கனஅடி.

இதே அளவைக் கடைசி வாமடையிலும், நடுவிலும் எடுங்கள். மடையில் ஒன்று ஓடினால் நடுவில் 0.8, கடைசியில் மூன்றில் இரண்டு என்பது போல வரும். மீதியை வாய்க்கால் குடிக்கிறது. எண்ணும் வேலையைத் தலைமடைக்காரர் ஒருவரிடமே கொடுங்கள். அடுத்த படியில் வரும் கணக்கை அவர் ஏற்க வேண்டுமென்றால், அந்த நொடிகளை அவரே எண்ணியிருக்க வேண்டும்.

அளந்து முடித்த கையோடு, வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். கண்மாய் இறங்க இறங்க மடையில் ஓட்டம் குறையும். மடைக்கு மேலே 4 அடி நின்றபோது ஓடியதில் பாதிதான் 1 அடி நிற்கும்போது ஓடும், திறப்பு மாறாவிட்டாலும். மணி மட்டும் பார்த்துக் கொடுத்தால், வரிசையில் பின்னால் இருப்பவர் அதே மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த தண்ணீர் வாங்குவார். காலையும் மாலையும் கோட்டைப் பார்த்து, தண்ணீர் கோட்டைத் தொடும்படி மடையின் அடைப்புப் பலகையை ஏற்றிக் கொடுங்கள்.

7. மணிக் கணக்குப் பட்டியல்

இந்த வேலையின் உயிர் இந்தப் படிதான்.

நொடிக்கு ஒரு கனஅடி ஓடும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 3,600 கனஅடி. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் நிற்க 3,630 கனஅடி வேண்டும். அதனால் ஒரு கனஅடி ஓட்டத்துக்கு, ஒரு மணி நேரம் ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நனைப்புக்கு இரண்டு அங்குலம் போதும்.

எங்கள் மடை ஒன்றுக்கு 40 ஏக்கர். தலைமடையில் 12, நடுவில் 16, கடைமடையில் 12. தலைமடைக்கு ஏக்கருக்கு 2 மணி, நடுவில் 2½ மணி, கடைமடைக்கு 3 மணி. மொத்தம் 24 + 40 + 36, அதாவது 100 மணி நேரம். எல்லோருக்கும் ஒரே நேரம் போட்டால் பார்க்கச் சமமாக இருக்கும். வயலில் போய்ப் பார்த்தால் கடைமடையில் தண்ணீர் ஓரத்தைத் தொட்டிருக்காது. சமமாக வேண்டியது வயலில் நிற்கும் அங்குலம்.

இதோடு வாய்க்கால் நிறையும் நேரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நான் முறை எழுதிய முதல் வருடம் இதை விட்டுவிட்டேன். கடைமடையில் ஒரு அத்தாச்சிக்கு இரவு 1 மணி முதல் 4 மணி வரை எழுதியிருந்தேன். டார்ச்சோடு நானும் வாமடையில் நின்றேன். ஒரு மணிக்கு மேலே அடைத்துத் திருப்பிவிட்டார்கள். காய்ந்து வெடித்த வாய்க்காலில் நுனித்தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாக இறங்கி, மெல்ல மெல்ல வந்தது. அவர் வாமடையைத் தொட்டபோது மூன்றேகால். "தம்பி, என் மூணு மணி நேரத்துல ரெண்டேகால் மணியை வாய்க்கால் குடிச்சிருச்சே" என்றார். நாலு மணிக்கு அடுத்தவர் வந்து அடைத்தார். நோட்டுப்படி அவர் செய்ததில் தப்பே இல்லை. தப்பு என் நோட்டில் இருந்தது. அந்த வயலின் பாதி பதராகப் போனது. இன்றும் அந்த வரப்பில் நடக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

அதற்குப் பிறகு கடைமடையில் தொடங்கி மேலே வருகிறோம். மடை திறந்து, தண்ணீர் கடைசி வாமடையைத் தொடும் வரை ஆகும் நேரம் யார் கணக்கிலும் சேராது, பொதுக் கணக்கு. எங்களுக்கு அது 4 மணி. தொட்ட நிமிடத்தில் இருந்துதான் கடைசி வயலுக்கு நேரம் ஓடும். அவர் முடித்ததும் அடுத்த மேல் வயல்காரர் வாமடையைத் திறந்து, அதற்குக் கீழே வாய்க்காலை அடைப்பார். மேலே வாய்க்கால் ஏற்கெனவே நனைந்து நிறைந்திருப்பதால் காத்திருக்க வேண்டியதே இல்லை. கீழே தங்கிய தண்ணீர் கடைமடைக்காரருக்கே வடியும். தலைமடையில் தொடங்கினால் இதற்கு நேர்மாறு: ஒவ்வொருவரும் தன் நேரத்தில் ஒரு துண்டுக் காய்ந்த வாய்க்காலை நனைக்க வேண்டும்.

ஆக 104 மணி நேரம், நாலு நாள் எட்டு மணி. தண்ணீர் ஏறக்குறைய 3.75 லட்சம் கனஅடி. இதே அளவில் மூன்று மடை என்றால் 11¼ லட்சம். 50 ஏக்கர் பரப்பில் அது சுமார் அரை அடி. இப்போது கம்பைப் பார்த்தால் இன்னும் எத்தனை முறை விடலாம் என்று எவரும் சொல்லிவிடலாம், ஒவ்வொரு அடிக்கும் அதற்குரிய பரப்பைப் போட்டுப் பார்த்து.

பட்டியலில் மணியை நிமிடத்தோடு எழுதுங்கள். கடைமடையில் 30 சென்ட் என்றால் 54 நிமிடம், 55 என்று முழுதாக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வாமடை திறக்க விடாதீர்கள். ஓட்டம் பிரிந்தால் தண்ணீர் வயலில் நகராமல் வாமடைக்குப் பக்கத்திலேயே இறங்கும்.

வாய்க்கால் இல்லாமல் வயல்வழி பாயும் இடங்களில், அந்த வயல்கள் எல்லாவற்றையும் ஒரு கூட்டாக வைத்து மொத்த நேரம் கொடுங்கள். கூட்டுக்குள் கீழ் வயல் நிறைந்த பிறகு மேல் வயல்காரர் தன் வரப்பை அடைக்கட்டும். எந்த மடை முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது நல்லது.

8. ராத்திரி முறை

முறை முழு நாட்களாக முடிந்தால், அதே ஆளுக்குத்தான் எப்போதும் ராத்திரி விழும். முதல் முறையைக் காலை 6 மணிக்குத் தொடங்கினால், இரண்டாவதை மாலை 6 மணிக்குத் தொடங்குங்கள். இவ்வளவு சின்ன மாற்றம் ஊரில் பாதிப் புகாரைக் குறைத்துவிடும்.

தனியாக வயல் பார்க்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் ராத்திரி நேரம் விழுந்தால், பக்கத்து வயல்காரரோடு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றம் நோட்டில் ஏற வேண்டும். வாய்ப்பேச்சில் மாற்றியது விடிந்தால் "நான் அப்படிச் சொல்லலையே" ஆகிவிடும்.

9. நீர்ப்பாய்ச்சி

மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஒரே ஆள் கையில் இருக்கட்டும். கடைமடையிலோ தலைமடையிலோ பெரிய நிலம் இல்லாதவராகப் பாருங்கள். கூலியை ஆவணியிலேயே பேசி எழுதுங்கள், நெல்லாகவோ பணமாகவோ. மடையைக் காக்கிறவருக்குக் களத்தில் கடைசியாக அளப்பது பெரிய அநியாயம். அவர் வீட்டில் அரிசி இல்லையென்றால், ராத்திரி பத்து நிமிடம் கூடுதலாக விடச் சொல்லி நீட்டுகிற ஐம்பது ரூபாயை எப்படி மறுப்பார்?

மீறினால் என்ன தண்டனை? பெரிய அபராதம் எழுதாதீர்கள், வசூலிக்க முடியாது. வசூலிக்காத அபராதம் ஒன்று போதும், அடுத்த நாளே நாலு வாமடை திறக்கும். எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு அடுத்த முறையில் அவருக்குக் கழியும், அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவருக்குச் சேரும். ஆனால் முழு முறையையும் பறிக்கக் கூடாது. தப்பு செய்தது ஆள், காய்வது பயிர்.

10. தண்ணீர் பத்தாது என்று கம்பு காட்டினால்

எல்லோருக்கும் ஒரு அங்குலம் என்று குறைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். ஒரு அங்குலத் தண்ணீர் வெடித்த வயலில் பரவாது, வாமடைப் பக்கத்திலேயே போய்விடும். அங்குலத்தை விட்டுவிட்டுப் பரப்பைக் குறையுங்கள். தண்ணீர் முக்கால் பங்குக்குத்தான் வரும் என்றால், ஒவ்வொருவரும் தன் நிலத்தில் முக்கால் பங்கைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் நனைக்கட்டும். எந்தத் துண்டை விடுவது என்பது அவர் விருப்பம். 50 சென்ட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் குறைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். எங்கள் ஊர் அதை ஒத்துக்கொள்ள மூன்று கூட்டம் ஆனது.

விதைக்கும் முன்பே கண்மாய் நிறையாது என்று தெரிந்துவிட்டால் இன்னொரு வழி உண்டு. இலங்கையின் உலர் வலயக் குளங்களில் பெத்ம என்று ஒரு வழக்கம்: குளத்துக்குப் பக்கத்து நிலத்தில் மட்டும் பயிர் வைத்து, அந்த நிலத்தையே எல்லாப் பங்குதாரரும் அந்தப் போகத்துக்குத் தற்காலிகமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நீண்ட வாய்க்காலை நனைக்கும் தண்ணீர் முழுவதும் மிச்சம். தலைமடைக்காரர் தன் நிலத்தைக் கொடுக்க மனம் வைக்க வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு வருடப் பழக்கமாவது வேண்டும்.

11. கடைசி நனைப்பும் கணக்கு முடிப்பும்

அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். அதற்கு மேல் விட்டால் அறுவடை இயந்திரம் வயலில் புதையும், முற்றிய கதிருக்கும் அதனால் பயனில்லை. ஆடு மாட்டுக்கென்று ஆவணியில் பேசி வைத்த மட்டம் வந்ததும் மடையைப் பூட்டுங்கள்.

கரையில் எல்லோரையும் உட்கார வைத்து நோட்டை முழுக்க வாசியுங்கள்: யாருக்கு எத்தனை மணி, யார் மாற்றிக்கொண்டார், யாருக்குக் கழிந்தது. பாக்கி நேரம் யாருக்காவது இருந்தால், அடுத்த வருடத்தின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். அன்றைக்கே நீர்ப்பாய்ச்சிக்கு அளந்துவிடுங்கள். பிறகு பெயிண்டை எடுத்துக்கொண்டு போய், மடை பூட்டிய மட்டத்தில் கம்பில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு வாருங்கள்.